குடைக்காரன் கதையின் கடைசித் தாள்

அந்தத் தாளைக் கிழித்தபோது ஞானமேரியின் கை நடுங்கவில்லை. பிற்பாடு அவளை நெடுநாள் சுட்டது அதுதான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில், சம்பா கோயில் என்ற மாதா கோயிலின் மணி கேட்கும் தூரத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. அதில் அவள் தனியாக இருந்தாள். வயது நாற்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை; அதனால் எல்லோருக்கும் அவள் 'மதமுசேல்'. கடல் கடந்து, அதே பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்கு வேலைக்குப் போன ஒரே அண்ணன் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அது வருஷத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு நின்றே போயிற்று. சைகோனில் இருக்கும் புருஷன்மாரிடம் போகிற பெண்களுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து அவள் பிழைத்துவந்தாள். நாலு வார்த்தை பேச வந்ததும் ஒவ்வொருத்தியும் கப்பலேறிவிடுவாள்.

1934-ல் வந்தவள் செல்வாம்பாள், நாற்பது வயதுக்காரி. அவள் புருஷன் அரிகிருஷ்ணன் சைகோன் சுங்க ஆபீசில் குமாஸ்தா. பதினாறு வருஷம் கழித்து இப்போதுதான் அவளை அழைத்திருந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு: 'ஒரு பிரெஞ்சுக் கதையை முழுசாகப் படித்து முடித்ததும் எனக்குக் கடிதம் எழுது. அன்றைக்கே கப்பல் சீட்டு அனுப்புகிறேன்.'

ஞானமேரி எந்தச் சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் சொல்லமாட்டாள். பொருளைக் காட்டுவாள், இல்லாவிட்டால் நடிப்பாள். அவள் எடுத்த கதை, தொலைந்த மகளைத் தேடி ஊர் ஊராய்ப் போகும் ஒரு குடைக்காரனுடையது. முதல் வரியிலேயே 'பரப்ளுயி' வந்தது. அவள் எழுந்துபோய் மூலையிலிருந்த கறுப்புக் குடையை எடுத்து அறை நடுவில் விரித்தாள்.

"மழையே காணோமே, மதமுசேல்! கூரை ஒழுவுதா?" என்று சிரித்தாள் செல்வாம்பாள்.

அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று!

அழுகைக்கான சொல் வந்த அன்று ஞானமேரி அழுது காட்டினாள். நடிப்பாகத் தொடங்கியது லேசில் நிற்கவில்லை. செல்வாம்பாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாடம் தொடங்கி ஏழாம் மாதம் கதை முடியும் தறுவாய்க்கு வந்தது. மகள் கிடைப்பாளா மாட்டாளா என்பது ஒரே ஒரு தாளில் இருந்தது. செல்வாம்பாள் வருவதற்குள் ஞானமேரி அதைக் கிழித்து ஒளித்துவிட்டாள்.

"கடைசித் தாளு செல்லரிச்சுப் போச்சு, செல்வா. வேற புத்தகம் கப்பல்லதான் வரணும். அது வரைக்கும் மொதல்லேருந்து படிப்போம்."

செல்வாம்பாள் நம்பினாள். முடிக்காததை முடித்தேன் என்று புருஷனுக்கு எழுத அவளுக்குக் கை வரவில்லை. குடைக்காரன் மறுபடி முதல் ஊரிலிருந்து நடக்கத் தொடங்கினான். ஞானமேரிக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் செல்வாம்பாள் சிவந்த கண்ணோடு வந்தாள்.

"கப்பலுக்குன்னு பொட்டில வச்ச பொடவையெல்லாம் இன்னிக்கு எடுத்து வெயில்ல போட்டேன், மதமுசேல். இது மூணாவது தடவ. கட்டாமலே மடிப்புல நைஞ்சு போவுது. பதினாறு வருசமா வராத அழுவ, அதப் பாத்து வந்துடுச்சு."

ஞானமேரி எழுந்துபோனாள். ஜபப் புத்தகத்தைத் திறந்து, அதிலிருந்த தாளை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"செல்லரிக்கல. நான்தான் கிழிச்சேன். நீ போயிட்டா இந்த வூட்டுல எங்கூடப் பேச யாரு இருக்கா?"

செல்வாம்பாள் தாளையும் ஜபப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இத உள்ள வச்சிக்கிட்டேவா மூணு மாசமா ஜபம் பண்ணீங்க?"

செல்வாம்பாள் தாளை நீவிப் புத்தகத்தோடு சேர்த்தாள். "வாங்க, படிப்போம்" என்றாள். மகள் கிடைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷமான முடிவுக்கு ஞானமேரி ஒருத்திதான் அழுதாள்.

கடலுக்குள் நீண்ட கப்பல் பாலத்தில், கப்பலுக்குப் போகும் படகில் இறங்குமுன் செல்வாம்பாள், "தெரியாத வார்த்த வந்தா உங்களுக்குத்தான் எழுதிக் கேப்பேன்" என்றாள்.

சொன்னபடியே முதல் கடிதத்தில் பதினாலு சொற்கள் கேட்டிருந்தாள். ஞானமேரி ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து அனுப்பினாள். அடுத்ததில் ஐந்து. அப்புறம் ஏழு மாதம் ஒன்றுமில்லை. கெட்டிக்காரி, எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாள்! அண்ணன் கடிதங்களும் இப்படித்தானே நின்றன என்று ஞானமேரி தபால்காரனை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

எட்டாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: 'பரப்ளுயி என்றால் என்ன, மதமுசேல்?'

ஞானமேரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு கறுப்புக் குடையை எடுத்து அறை நடுவில் விரித்துவைத்து, எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அடியில் எழுதினாள்: 'ஒரு கடிதத்துக்கு ஒரு வார்த்தை கேட்டால் போதும், செல்வா. அவசரமே இல்லை.'