அண்ணனுக்கு நிறம் சொல்லிக்கொடுத்த தெரு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கோவில்பட்டிக் கல்லூரியில் விலங்கியல் படிக்க எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறிய ஒரே பெண்ணும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. நாகலாபுரத்திலிருந்து வத்தல் மூட்டையோடு வருகிறவர்கள் என் கையிலிருக்கும் தடித்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார இடம் விடுவார்கள். வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டாம் வருடம் படிக்கும்போது பேராசிரியர் ஒரு புத்தகத்தை ஆய்வுக்கூட மேசையில் விரித்து வைத்தார். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்த எண் தெரியவே தெரியாது என்றார். மற்ற பிள்ளைகள் எண்களைப் போட்டி போட்டுக் கத்திக்கொண்டு பக்கம் புரட்டினார்கள். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் சிறுவயதில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போனால் அவன் பெட்டியில் பாதி பச்சைக் காயாகக் கிடக்கும். "கண்ண எங்கன அடகு வச்சிட்டு வந்த?" என்று புஞ்சைக்காரர் கத்துவார். வேலை செய்யச் சோம்பி வேண்டுமென்றே செய்கிறான் என்று அப்பா அடித்திருக்கிறார். பிறகு அவனை மிளகாய்க் காட்டுக்கே அனுப்புவதில்லை என்று ஆயிற்று. அப்பா இறந்தபின் ரயில் தண்டவாளத்தில் ஜல்லி போடும் தினக்கூலி வேலைக்குப் போனான். அதற்குள் அவனுடைய பச்சைக் காய்களை வீட்டில் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் ரிப்பன்கள் இரண்டை எடுத்து அவன்முன் நீட்டினேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"அண்ணே, இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவன் இரண்டையும் விரலால் தேய்த்துப் பார்த்தான். "இது புதுசு, அது பழசு. ஏட்டி, இதுக்குமா காலேஜுல பரீட்ச வைக்காவ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிப்பன்களைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டேன்.

சில மாதங்களில் தினக்கூலி ஆட்களை நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. அண்ணன் பெயரும் அதில் இருந்தது. மதுரைக்குப் போய் உடம்பைக் காட்டி, டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால் போதும். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மழையை நம்பி வாழ்ந்த வீட்டில் ஒரு நிரந்தர வேலை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அண்ணனுக்கு முன்பே போய்வந்த ஒருவர் ஒரு விஷயம் சொன்னார்: புள்ளிப் புத்தகம் காட்டி எண் கேட்பார்களாம், பிறகு இருட்டறையில் விளக்கைக் காட்டி என்ன கலர் என்று கேட்பார்களாம்.

அன்றைக்குத்தான் வீட்டில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, இது பிறவியிலேயே வருவது, மருந்து கிடையாது என்றேன். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"ஆனா ஆவன்னா தெரியாமத்தான பொறந்த நீயி? சொல்லிக்குடுத்தாவ, படிச்ச. கலரும் அப்படித்தான். இவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் போவல, அதான் தெரியல. இவ்வளவு படிச்சிருக்க, நாலு கலரு சொல்லிக்குடுக்க ஏலாதா ஒனக்கு?"

அம்மா சொன்னது தெரு முழுக்க நியாயமாகப் பட்டது. படிக்காததால் வந்த குறை, படித்தால் போய்விடும். மறுநாளிலிருந்து பாடம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை தன் பெட்டியிலிருந்த சேலைகளை எல்லாம் எங்கள் முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டாள். கல்யாணச் சேலையும் அதில் இருந்தது.

"ஏலே மருமவனே, நல்லாப் பாத்துக்கிடு. இது அரக்கு. இது கிளிப்பச்ச. இது மயில் கழுத்து. இப்ப சொல்லு, இது என்ன?"

"அரக்கு."

"எடுவட்ட பயலே, அது கிளிப்பச்சல்லா! ஒனக்குப் பொண்டாட்டியா வாரவ பாடு திண்டாட்டந்தான். ஒரு சேல எடுத்துக் குடுக்க மாட்ட."

"எந்தச் சேல உடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லிருவேன் அத்த. சண்டையே வராது."

தெருவே சிரித்தது. தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் லேபிள் கட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அவன் சரசரவென்று சரியாகச் சொன்னான். அம்மா முகம் மலர்ந்தது. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவன் படத்தை வைத்துச் சொல்லியிருக்கிறான். கிளி இருந்தால் பச்சை, ரோஜா இருந்தால் சிவப்பு. சிவப்புக் கட்டத்தில் வெள்ளை முயல் இருந்த லேபிளைக் காட்டியதும் வெள்ளை என்று சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தான். முகங்களைப் பார்த்ததும், "இல்ல, செவப்பு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவன் எப்படிச் சமாளித்து வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் கிணற்றடியில் அவன் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"லைன்ல செவப்புக் கொடி காட்டுறது எப்படிண்ணே தெரியும் ஒனக்கு?"

"கொடியப் பாக்க மாட்டேன். பக்கத்துல நிக்கவன் மூஞ்சியப் பாப்பேன். அவன் கடப்பாரையத் தூக்கிட்டு ஒதுங்குனா நானும் ஒதுங்கிருவேன்."

"பக்கத்துல யாரும் இல்லன்னா?"

அவன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். 

அந்தப் புள்ளிப் புத்தகத்தின் பக்கங்கள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. முதல் பக்கத்தில் என்ன எண், அடுத்ததில் என்ன எண் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்க முடியும். அவனுக்கு ஞாபகசக்தி அதிகம், ஒரு தடவை கேட்டால் போதும். ஆனால் தினமும் என் பஸ் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஜன்னல் ஜன்னலாக முகங்களோடு கடந்துபோகும் ரயிலைப் பார்க்கிறவள் நான். வேலை நிரந்தரமானால் ஒரு நாள் அண்ணனும் அந்த லைனில் ஒரு கொடியோடு தனியாக நிற்க வேண்டிவரும். சொல்லிக்கொடுத்தால் யாருக்கோ கெடுதல், சொல்லாவிட்டால் இவனுக்கு. ஒரு வாரம் இதோடு அல்லாடிவிட்டு அவனிடமே கேட்டேன்.

"புத்தகத்துல உள்ள நம்பரு எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுகிறானோ என்று நினைத்தேன்.

"வேண்டாம்ட்டி. தெரிஞ்சா சொல்லிருவேன். வேல வேணும்லா, வாய் சும்மா இருக்காது."

எண்களை நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருப் பாடம் மட்டும் நிற்கவில்லை. பிரயோசனமில்லை என்று தெரிந்தும் அவன் தினமும் கொடிக்கு முன்னால் போய் நின்றான். அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவனால் எப்படி மறுக்க முடியும்?

மதுரைக்குப் போன அன்று பொழுது சாயும் நேரத்தில் திரும்பினான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இல்லன்னுட்டாவ" என்றான். அவ்வளவுதான். புத்தகத்தில் எண் தெரியவில்லை. விளக்கைக் காட்டியபோது டாக்டரின் முகத்தைப் பார்க்கத் திரும்பியிருக்கிறான். இருட்டில் முகம் தெரியவில்லை. "அவரு நல்ல மனுசன்" என்றான். "மூணு தடவ காட்டுனாரு. பாவம், எப்படியாவது சொல்லிருவேன்னு பாத்தாரு."

செய்தி கேட்டுத் தெரு வந்துவிட்டது. ஆனால் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, "நான் உச்சி வெயில்லல்லா காட்டிக்கிட்டு இருந்தேன். இருட்டுல வச்சுக் காட்டிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்று மூக்கைச் சிந்தினாள். தீப்பெட்டி ஒட்டும் பெண்களில் ஒருத்தி, படமில்லாத லேபிளாகப் பார்த்து எடுத்து வந்திருக்கலாமே என்று வருத்தப்பட்டாள். உங்கள் யார்மேலும் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.  அவர்களிடம் இல்லாத ஒரு அறிவு என்னிடம் இருந்தது. அவனுக்கு அது ஒரு தம்ளர் தண்ணீர் அளவுக்குக்கூட உதவவில்லை. அவர்களோ அவனுக்காகக் கல்யாணச் சேலையை வெயிலில் வெளுக்க விட்டிருந்தார்கள். உலகத்தைப் பற்றி எனக்கு ஏதாவது நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்றால் அது அந்த முற்றத்தில் பார்த்தது. அதனாலும் அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லோரும் போனபின் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. பொறவியிலயே வாரதுதான். ஆனா யாருகிட்ட இருந்து வருது? ஒங்க அப்பா மிளகாயப் பாத்தே ரகம் சொல்லுவாவ. எனக்கும் கண்ணு நல்லாத்தான இருக்கு."

பாடத்தில் அது மிகத் தெளிவாக இருந்தது. மகனுக்கு இந்தக் குறை தாயிடமிருந்துதான் வரும். தாய்க்கு எல்லா நிறமும் தெரியும், தன்னிடம் அது இருப்பது மட்டும் தெரியாது. அவள் பெற்ற மகளிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பரீட்சையில் இதற்குப் படம் போட்டு விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

"படிச்ச பிள்ளைக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோய் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.