இடப்பக்கம் சுற்றிய மோட்டார்

இதைக் கட்டுக்கதை என்று தள்ளுகிறவர்கள் அந்த மோட்டார் மெக்கானிக்கை ஒரு முறை பார்க்க வேண்டும். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். மனைவி இறந்துபோனதோடு அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

அவள் வீட்டு முன்னறையில் நூல் சுற்றும் மெஷின் ஓட்டியவள். இடக்கைக்காரி. அவளுக்குத் தோதாக மோட்டாரை இடப்பக்கம் சுற்றும்படி கல்யாணமான புதிதில் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது அங்கே மகள் உட்காருகிறாள். அவளுக்கு வலக்கைப் பழக்கம். நூல் அறுந்துகொண்டே இருந்தது. வலப்பக்கம் சுற்றும்படி மாற்றிக் கொடுங்கள் என்று நச்சரித்தாள். மனைவியை இன்னொரு தடவை வழியனுப்புவதுபோல் இருந்ததால் அவர் ஏதேதோ சாக்குச் சொல்லி வந்தார்.

ஒரு மத்தியானம், மகள் கடைக்குப் போயிருந்த நேரம், மனதைக் கல்லாக்கிக்கொண்டு மோட்டாரின் மூடியைக் கழற்றினார். பெரிய வேலை இல்லை. உள்ளே ஓட்டுகிற சுருள் ஒன்று, கிளப்பிவிடுகிற சுருள் ஒன்று. கிளப்பிவிடும் சுருளின் இரு முனைகளை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். மாற்றினார். சுவிட்சைப் போட்டார்.

இடப்பக்கமே சுற்றியது.

கை தடுமாறிப் பழையபடியே மாட்டியிருப்போம் என்று முனைகளை மறுபடி இடம் மாற்றினார். அப்போதும் இடப்பக்கம்தான்.

எரிச்சலில் அந்தச் சுருளின் இணைப்பையே கழற்றிவிட்டார். இனி மோட்டார் தானாகக் கிளம்பாது. முனகும். யாராவது கையால் தள்ளிவிட்டால், தள்ளிய பக்கம் ஓடும்.

சுவிட்ச்.

ம்ம்ம்ம்ம்...

முனகல் மட்டும்.

பிறகு... சக்கரம் அசைந்தது. மெதுவாக. இடப்பக்கம்.

அறையில் வேறு யாரும் இல்லை.

"கையை எடும்மா," என்றார். "எனக்குத் தாங்கல."

சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்தான் அணைத்தார்.

மகள் திரும்பியபோது மோட்டாரை முழுசாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளப்பிவிடும் சுருள் கருகிப் போயிருந்தது. இன்று நேற்றுக் கருகியதில்லை. கரியின் மேல் தூசி படிந்திருந்தது.

அம்மா இருந்தபோதே அது கெட்டுப்போனது என்று மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாளெல்லாம் ஊர் மோட்டாரோடு மல்லுக்கட்டி அலுத்து வருகிற மனுஷனிடம் சொல்லக் கூடாது என்று, அம்மா கடைசி வரைக்கும் கையால் தள்ளிவிட்டே ஓட்டினாளாம்.

"நீயும் கையாலதான் தள்ளுனியா?"

"இல்லப்பா. அம்மா போனதுக்கப்புறம் சுவிட்ச் போட்டாலே ஓடிச்சு. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

மகளுக்குப் புது மோட்டார் வாங்கி மாட்டினார். பழையதைக் கருகிய சுருளோடு அப்படியே மூடி வைத்தார். எப்பேர்ப்பட்ட மோட்டாருக்கும் புதுச் சுருள் சுற்றிக் கொடுத்துவிடுகிற அவர், அதை மட்டும் இன்றுவரை தொடவில்லை. சரிசெய்துவிட்டால் அவள் கைக்கு அங்கே வேலை இருக்காது.