கப்பல் வராத ஊரின் தூக்குப்பாலம்

பவானி ஆற்றில் பரிசலை விடப் பெரிதாக எதுவும் மிதந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சத்தியமங்கலத்துக்குக் கீழே எங்கள் ஊரில் ஒரு தூக்குப்பாலம் இருந்தது. ஊர்க்கரையை ஒட்டிய கடைசி இருபதடிப் பலகைக்குக் கீல் வைத்து, சங்கிலி கட்டி, சங்கிலியைச் சுற்றி இழுக்க ஒரு பல்சக்கரமும் வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டால் ஊர் முழுக்கப் பதில் கிடைக்கும். ஒரு பதில் இன்னொரு பதிலோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பாலத்துக்கு விழா எடுக்க ஒரு கமிட்டி கூடியது. தலைவர் அரிசி ஆலைக்காரர். விழா மலருக்கு வரலாறு எழுத, கவிதை எழுதுகிறவன் என்று என்னைப் பிடித்தார்.

"நெலாவப் பத்தியே நாலு பக்கம் எழுதறீங்களாமா. கண்ணு முன்னால நிக்கற பாலத்த எழுத மாட்டீங்களா?"

எழுதப் போனேன். ஆலையில் கேட்டபோது கப்பல் வந்தது என்றார்கள். எங்கிருந்து என்றேன். "கடல்ல இருந்துதானுங்க, வேற எங்கிருந்து?" என்றார் தலைவர், ஆற்றைப் பாராமலே. பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, வெள்ளத்தில் அடித்து வரும் மரங்கள் பாலத்தில் மோதாமல் விலகிப் போக ஒரு வெள்ளைக்காரர் செய்த ஏற்பாடு என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அக்கரை நெசவாளர் தெருவில் கேட்டேன். தறியை நிறுத்தாமலே ஒரு அம்மாள் சொன்னார்: "தேர் ஓடற மாசத்துல ஆத்துல வெள்ளமே வராதுங்க. சக்கரம் துருப்புடிக்கற வரைக்கும் அப்பத்தான் தவறாம தூக்குவாங்க. நாங்கதான் வெள்ளம் போலிருக்குது."

மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். தலைவர் கப்பலுக்கு மூன்று பக்கம் ஒதுக்கினார். வெள்ளத்துக்கு அரைப் பக்கம். தேரைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நெசந்தானுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்."

இத்தனைக்கும் விழா பாலத்துக்காக எடுத்ததல்ல, பாலக்காவலருக்காக எடுத்தது. அப்பாவுக்குப் பின் மகன் என்று அந்த வேலையில் இருந்தவர் அவர். பாலத்தடியில் இரண்டு அறை, ஒரு முருங்கை மரம், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள். மாதம் ஒருமுறை பாலத்தைத் தூக்கி இறக்கி, மசகு போட்டு, நோட்டில் 'சரியாக இயங்குகிறது' என்று எழுத வேண்டும். அவர் பல வருடங்களாக எழுத்தை மட்டும் நிறுத்தாமல் செய்துவந்தார். பல்சக்கரம் துருவேறிப் போயிருந்தது. கீழே இரண்டு மைல் தள்ளிக் கான்கிரீட் பாலத்துக்குத் தூண்கள் எழும்பத் தொடங்கியதும், பழைய பாலத்துக்குக் காவலர் எதற்கு என்று மேலிடத்தில் கேள்வி வந்தது. நேரில் பார்க்க அதிகாரி வருவதாகக் கடிதமும் வந்தது. அந்த நாளையே விழா நாளாக்கியது கமிட்டி.

"தூக்கிக் காட்டலீன்னா ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க சார்" என்றார் என்னிடம். "புள்ளைங்கள இழுத்துட்டு எங்க போறதுங்க?"

உக்கடத்திலிருந்து ஒரு இரும்புப் பட்டறைக்காரரை வரவழைத்தார்கள். பாய் நான்கு நாள் சக்கரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "ஏத்தறதுக்கு நான் கேரண்டிங்க. எறக்கறதுக்கு அல்லாதான் கேரண்டி."

கமிட்டி தீர்மானித்தது. அதிகாரி பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் முதலில் விருந்து. வயிறு நிறைந்த மனிதருக்கு ஒரு சாண் தூக்கிக் காட்டினால் போதும்.

ஆனால் எங்கள் ஊர் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! விருந்தாளியை எல்லைக்குப் போய்த்தான் எதிர்கொள்ள வேண்டும். மாலை, குடை, வெற்றிலைத் தட்டு, நான் உட்படக் கமிட்டி முழுவதும் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனது. காவலரும் பாயும் இக்கரையில் சக்கரத்தடியில். சமையலும் இக்கரையில். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிப் புளியமர நிழலில் நின்றார்.

"வெயிலா இருக்கு. இங்கிருந்தே பாத்துடறேன். முழுசாத் தூக்கச் சொல்லுங்க."

வேறு ஊராக இருந்தால், முதலில் அந்தப் பக்கம் வாருங்கள் என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் விருந்தாளி சொன்னதை மறுக்க நாக்கு எழாது. "ஆகட்டுங்க" என்றார் தலைவர். "ஆகட்டுங்க" என்றது கமிட்டி. கவிதையில் யாருக்கும் அஞ்சாத நானும் ஆகட்டுங்க என்றேன்.

தலைவர் குடையை ஆட்டினார். அக்கணம் அந்தக் கிழட்டு இரும்பு முனகியது, பிறகு அலறியது. சிவப்புத் துரு மழையாய்ப் பொழிந்தது. பலகையடியில் குடும்பம் நடத்திய புறாக்கள் வானத்தில் சிதறின. பாலம் எழுந்தது, எழுந்து, எங்கள் ஊரை எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டு செங்குத்தாக நின்றது. எல்லோரும் கைதட்டினோம். ஒரு சக்கரப் பல் உடைந்த சத்தம் கைதட்டலில் கேட்கவில்லை.

"சார்!" பலகைக்குப் பின்னாலிருந்து காவலரின் குரல் வந்தது. "எறங்க மாட்டேங்குதுங்க!" நடுக்கத்திலும் 'ங்க' குறையவில்லை.

"எப்ப எறங்கும்?" என்றார் அதிகாரி.

"எறங்கிருமுங்க" என்றார் தலைவர்.

உச்சி வெயில் ஏறியது. ஊர்க்கரையிலிருந்து நெய் மணம் ஆற்றைக் கடந்து வந்தது. மணத்துக்குப் பாலம் வேண்டாம். அப்போது அந்தத் தறிக்கார அம்மாள் வந்தார்.

"ஏனுங்க, வாங்க. அரிசிம்பருப்புச் சோறு இருக்குதுங்க."

தலைவர் வீட்டில் யாரும் அந்தத் தெருவில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். விருந்தாளியைத் தனியே உண்ண விடுவதும் மரியாதை இல்லையே. தலைவர் உட்கார்ந்தார்.

"இன்னொரு கரண்டி போடட்டுங்களா? பாலம் எறங்கற வரைக்கும் சோறு இருக்குதுங்க" என்றார் அம்மாள். தலைவர் இலையை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஆனால் போதும் என்று இலையைக் கையால் மறைக்கவும் இல்லை.

எங்களைப் பரிசல்தான் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. அதிகாரி தறியடியிலேயே அறிக்கை எழுதியிருந்தார். பாலம் நன்றாக எழுகிறது. இறங்கும் வரை எந்நேரமும் விழக்கூடும் என்பதால் காவலர் அவசியம் இருக்க வேண்டும்.

மலர் வந்தது, அட்டையில் கப்பலோடு. கான்கிரீட் பாலமும் வந்தது. தேரோட்டத்துக்கு நெசவாளர் தெரு அதன் வழியே வந்தது, அதைத் தூக்க வழியில்லை. ஒருநாள் காவலரைப் பார்க்கப் போனேன். பெரிய பெண் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். செங்குத்தாய் நின்ற பலகையைப் புதுத் தாம்புக்கயிறு ஒன்றால் தூணோடு சேர்த்து வரிந்து கட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"விழாம இருக்கவா?" என்றேன்.

சுற்றும் முற்றும் பார்த்தார். "தப்பித் தவறி நல்லபடியா எறங்கிப்போச்சுன்னா என்னாகறதுங்க? இந்த முனையக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன்.