அலமாரிக்குள் அடங்காத மெஷின்

மறுபடி என்ற பெயரை இளையவள் முதன்முதலாகக் கேட்டது கல்யாணமான நாலாம் நாள். காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ மறுபடியோட தம்பி பொண்டாட்டிதானே?"

"எந்த மறுபடி?"

"அது சரி! இன்னும் உன் கையால எதையும் செஞ்சு அவங்ககிட்ட நீட்டல போல. நீட்டிப் பாரு, தன்னால தெரியும்" என்று சிரித்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "எங்க அக்காவைச் சொல்லியிருப்பாங்க. அங்கெல்லாம் நீ ரொம்ப வெச்சுக்காத" என்றான்.

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்காதான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்பது வயது. முறைக்கு இளையவளுக்கு அண்ணி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது மாமனாரின் ஒன்றுவிட்ட தங்கை. அந்த அம்மாள் மாப்பிள்ளை வீட்டு உறவுகளையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னவள், இந்த ஒருத்தியை மட்டும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டாள்.

விழுங்கக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மூன்றே வருஷத்தில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். கொஞ்சம் அனுசரித்துப் போ என்று அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், பெரியப்பா வீட்டு மாப்பிள்ளை வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் பேசி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கடை மாடியில் ஒற்றை அறை பார்த்துப் போய்விட்டாள். அடுத்த வாரமே ரெடிமேட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தைக்கிற வேலை இல்லை. தைத்ததைப் பார்க்கிற வேலை. நீள மேசை, தலைக்குமேல் குழல் விளக்கு, முன்னால் குவியலாகச் சட்டைகள். ஒவ்வொன்றையும் உள்புறமாகத் திருப்புவாள். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் முதுகைப் பார்ப்பாள். அக்குளில் ஒரு தையல் தாவியிருந்தாலும், காலர் முனை இம்மி கோணியிருந்தாலும் ஒரே ஒரு சொல். "மறுபடி." விளக்கம் கிடையாது, திட்டு கிடையாது. சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். ஒரு சமயம் முதலாளியின் மைத்துனர் வந்து, இன்றைக்கே அனுப்பியாக வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடு என்றார். அவள் சட்டைக் கட்டை அப்படியே தூக்கி அவர் மேசையில் வைத்தாள். "கண்ணை மூடிக்கிட்டா எனக்குக் கையெழுத்துப் போட வராது. நீங்க போடுங்க" என்றாள். மனிதர் பேனாவை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயர் கம்பெனிச் சுவரைத் தாண்டிக் காய்கறிக் கடை வரைக்கும் வந்துவிட்டது.

தம்பி மின்சார மீட்டர் கணக்கு எடுக்கிறவன். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் எட்டிப் பார்த்து எண் குறித்துவிட்டு வருவான். அதனாலோ என்னவோ, தன் வீட்டில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பான். இளையவளும் பதினாறு வருஷம் அப்படியே இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாள். மகள் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு வீடு இன்னும் ஒழுங்காயிற்று. அவ்வளவு ஒழுங்கு அவளுக்கு மூச்சு முட்டியது.

எப்போதாவது வருகிற மறுபடி ஒருநாள் வந்திருந்தாள். தம்பியின் மீட்டர் பை ஆணியில் தொங்கியது. வார் அறுந்து, கையால் தைத்திருந்தது. அவள் பையை இறக்கி, தையலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு தைச்சது?"

"நான்தான் அண்ணி."

அவள் பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். அவ்வளவுதான். இளையவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள், அது வரவில்லை.

"மெஷின்ல கத்துக்கறியா?" என்று கேட்டாள் மறுபடி. "கத்துக்கறதா இருந்தா நான் வாங்கித் தரேன். முழுசா என் பரிசு."

முப்பத்தெட்டு வயசுக்கு மேல் என்னத்தைக் கற்றுக்கொள்வது என்று சொல்ல வாயெடுத்தவள், "கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

கணவன் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் கூடத் தேவலை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படுக்கையறை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தான். கீழ்த்தட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு தாளில் குறித்தான். "இதுக்குள்ள அடங்கற மாதிரி வாங்கு. நான் வேலைக்குப் போனப்புறம் எடு, வர்றதுக்குள்ள உள்ள வெச்சுடு. வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல படக்கூடாது" என்றான். தாளை மடித்து அவள் கையில் கொடுத்தான்.

கடையில் மெஷின்கள் வரிசையாக நின்றன. விற்பனைக்காரன் அண்ணி, இளையவள் இருவரையும் பார்த்ததும், பளபளவென்று இருந்த ஒரு பிளாஸ்டிக் மெஷினை மேசையில் வைத்தான்.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் மேடம். மூடிபோட்டுத் தூக்கி வெச்சுக்கலாம். பன்னண்டு வகைத் தையல். பூ போடும், இலை போடும், வாத்துகூடப் போடும்."

"எங்க வீட்ல வாத்து கிடையாது" என்றாள் மறுபடி. "நேராப் போடுமா, அதைச் சொல்லு."

அவன் விறைப்பான ஒரு துணித்துண்டை எடுத்து, சர்ரென்று ஒரு கோடு ஓட்டிக் காட்டினான். கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. மறுபடி துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது அட்டை மாதிரி இருக்கு தம்பி. இதுல எந்த மெஷினும் நேராத்தான் போகும்." தன் பைக்குள்ளிருந்து இரண்டு துணிகளை எடுத்தாள். ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும் லைனிங் துணி. இன்னொன்று பழைய கால்சட்டையின் நான்கு மடிப்பு கூடுகிற இடம். "இதுல ஓட்டு. வேண்டாம், நீ ஓட்டாத, உன் கை பழகின கை. ஓட்டப்போறவ இவ."

இளையவள் உட்கார்ந்தாள். பெடலில் கால் விரல் பட்டதுதான் தாமதம், மெஷின் பேய் பிடித்த மாதிரி ஓடியது. மேசைமேல் தானும் ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டது. லைனிங் சுருங்கிப் போயிற்று. மடிப்பில் தையல் தாவித் தாவிப் போயிற்று. இளையவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மாவுக்குத் தையல் தெரியும் போலிருக்கே" என்றான் விற்பனைக்காரன், கொஞ்சம் எரிச்சலாக.

"ஒரு தையல் தெரியாது. தப்பு மட்டும்தான் தெரியும்."

இளையவள் அப்போதுதான் அந்தத் தாளை எடுத்தாள். "அண்ணி, இதுதான் அலமாரியில அடங்கும்போல. அவர் அளவு கொடுத்திருக்கார்."

மறுபடி தாளை வாங்கி விரித்தாள். மூன்று எண்களையும் படித்தாள். விற்பனைக்காரன் வேறு ஆளைக் கவனிக்கப் போனபின்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் ஒரு மெஷின் இருந்துச்சு, தெரியுமா? கட்டிக்கொடுத்தப்ப எங்கம்மா கொடுத்தது. கை மெஷின். போன வீட்ல கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தாங்க. வெளியில எடுத்தா, இப்ப எதுக்கும்பாங்க. சோறு வடிச்சாச்சாம்பாங்க. ஆளுங்க வர்ற நேரம்பாங்க. மூணு வருஷத்துல பதினோரு தடவை எடுத்தேன். எண்ணி வெச்சிருக்கேன். பதினோரு தடவையில யாருக்குத் தையல் வரும்? முப்பது வருஷமா அடுத்தவ தைச்சதையே திருப்பிப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். கம்பெனியில என் முதுகுக்குப் பின்னாடி சொல்லுவாங்க, தைக்கத் தெரியாதவ தப்பு சொல்றான்னு. தப்பா சொல்றாங்க? சரியாத்தான் சொல்றாங்க."

இளையவளுக்கு அந்தக் கீழ்த்தட்டு கண்முன் வந்தது. பூச்சி உருண்டை வாசனை, பழைய போர்வைகள், கதவைச் சாத்தினால் இருட்டு.

அண்ணி எழுந்து கடையின் கோடிக்குப் போனாள். அங்கே மரப் பலகையும் இரும்புக் காலுமாக, காலால் மிதிக்கிற ஒரு கறுப்பு மெஷின் நின்றது. விலாவில் தோல் பெல்ட். தூக்கி ஒளிக்க நாலு ஆள் வேண்டும்.

"உக்காரு" என்றாள். ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு, தம்பி எழுதிய தாளை ஊசிக்கு அடியில் வைத்து, அதை அமுக்கிப் பிடிக்கிற அழுத்தியை இறக்கினாள். "புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு முதல்ல நூலே கிடையாது. கோடு போட்ட தாள்தான். கோட்டுமேலயே போகணும். உனக்கு இவன் எழுதின வரிதான் கோடு. ம், மிதி."

"தாள்ல ஓட்டினா ஊசி மொட்டையாயிடும் மேடம்!" என்று விற்பனைக்காரன் ஓடிவந்தான்.

"மொட்டையானா வேற ஊசி போட்டுக்கொடு. இந்த மெஷினைத்தான் வாங்கப்போறோம்."

இளையவள் மிதித்தாள். சக்கரம் கனமாகச் சுழன்றது. மெதுவாக மிதித்தால் மெதுவாக, நிறுத்தினால் நின்றது. டக், டக், டக் என்று ஒவ்வொரு தையலாக, நீளம் எழுதிய வரியின்மேல் ஒரு வரிசை ஓட்டை விழுந்தது. திருப்பினாள். அகலத்தின்மேல் ஒரு வரிசை. உயரத்தின்மேல் ஒரு வரிசை. கடைசியில் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணே தெரியவில்லை, ஓட்டை வழியே தெரு தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மதியமே வண்டியில் மெஷின் வந்து இறங்கியது. எங்கே வைப்பது என்று இளையவள் கைகளைப் பிசைந்தாள். அண்ணி நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். வெளிச்சம் இடது பக்கமிருந்து ஊசிமேல் விழ வேண்டும். அப்படி விழுகிற இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். முன்னறை ஜன்னலோரம். அங்கே தம்பியின் சாய்வு நாற்காலி இருந்தது.

சாயங்காலம் அவன் வந்து செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றான்.

"என் நாற்காலி எங்க?"

"அந்தச் சுவரோரம். அதுக்கும் நாலு கால் இருக்கில்ல, நடந்து போயிடுச்சு" என்றாள் மறுபடி.

"நான் அளவு எழுதிக் கொடுத்தேனே அக்கா?"

"பார்த்தேன்டா. கையெழுத்து ரொம்ப அழகு."

"இது வீடா, தையல் கடையா? நாலு பேர் வந்தா என்ன நினைப்பாங்க?"

"ஒரு பொம்பள உக்காந்து தைக்கறான்னு நினைப்பாங்க. அதுக்குமேல நினைக்க அதுல என்ன இருக்கு?"

அவன் பையை நாற்காலிமேல் வீசினான். "நீ போன இடத்துல பண்ணினதையே இங்கயும் வந்து பண்ணாத."

"தப்பு. அங்க பண்ணாம விட்டதைத்தான் இங்க பண்ணியிருக்கேன்."

"நாளைக்கு வண்டியை வரச் சொல்லு. திருப்பி அனுப்பிடு."

"எங்கிட்ட ஏன்டா சொல்ற? வாங்கிக் கொடுத்ததோட என் வேலை முடிஞ்சுது. உடையவ அதோ நிக்கறா. அவளைக் கேளு."

இரண்டு பேரும் திரும்பி இளையவளைப் பார்த்தார்கள். அவளோ, அண்ணி இன்னும் ஒரு வார்த்தை தனக்காகச் சொல்லமாட்டாளா என்று பார்த்தாள். மறுபடியோ ஜன்னலுக்கு வெளியே போகிற மிதிவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றேதான். இன்றைக்குச் சரிங்க என்று சொன்னால் இனி எப்போதும் சரிங்கதான் என்று இளையவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அனுப்ப மாட்டேங்க" என்றாள்.

"என்ன?"

"மெஷின் இங்கதான் இருக்கும். அலமாரிக்குள்ள போகாது. நீங்க பேப்பர் படிக்கச் சுவரோரம் விளக்கு இருக்குங்க, அது போதும். ஊசியில நூல் கோக்க அது போதாது."

அவன் சிரித்துப் பார்த்தான், முறைத்துப் பார்த்தான். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கோபம் பிறகு அக்காவின்மேல் திரும்பியது.

"இனிமே இந்த வாசப்படி ஏறாத."

மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஏறலடா. நான் இல்லாட்டியும் மெஷின் இருக்கும். எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிறவி. அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

அன்றைக்கே இளையவள் நூல் கோத்து உட்கார்ந்தாள். சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூல் அறுந்தது. மூன்று தடவை அறுந்தது. சுவரோரத்திலிருந்து செய்தித்தாளுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது, சிரிப்பை மறைக்கிற இருமல். "சத்தமாவே சிரிங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நாலாவது தடவை கோத்தாள்.

மூன்றாவது தெருவில் காலைத் தையல் வகுப்புக்குச் சேர்ந்தாள். முதலில் தைத்த தலையணை உறையை எடுத்துக்கொண்டு இரும்புக் கடை மாடிக்குப் போனாள். அண்ணி அதை உள்புறம் திருப்பிவிட்டு, "மறுபடி" என்றாள். பிரித்துத் தைத்துக் கொண்டுபோனாள். "மறுபடி." மூன்றாவது தடவையும் அதே சொல் வந்தபோது இளையவள் உறையை வாங்கிக்கொள்ளவில்லை.

"இது நேராத்தான் இருக்கு அண்ணி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

கம்பெனியில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. மறுபடி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். தையலை நகத்தால் முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நேராத்தான் இருக்கு."

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மெஷின் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகள் அங்கேதான் தைக்கப்படுகின்றன. தம்பி இன்னும் அக்காவோடு பேசுவதில்லை. சுவரோர விளக்கில் செய்தித்தாள் படிக்கிறான்.

மறுபடிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். இரும்புக் கடை மாடியில் அதே ஒற்றை அறையில் இருக்கிறாள். காலையில் மட்டும் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னத் தையல் பட்டறைக்கு, தைத்த துணியை உள்புறம் திருப்பிப் பார்க்கப் போகிறாள்.