கோதண்டத்தின் ஒரு சொல் இங்கிலீஷ்

பழவேற்காட்டை இங்கிலீஷ்காரர்களிடம் கொடுத்துவிட்டு டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கப்பலேறப் போகிறார்கள் என்ற சேதி, அவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கோதண்டத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. இத்தனை காலம் சோறு போட்டது ஒல்லாந்தர் பாஷை. அதிலும் பாதியை அவர் தலையாட்டியே ஓட்டியிருந்தார். புதிய துரையிடம் இங்கிலீஷில் பேசத் தெரியாவிட்டால் வேலை போய்விடும்.

மதராஸில் ஒரு துரை வீட்டில் சமையல் செய்த மைத்துனன் மாணிக்கத்தைப் பிடித்துப் பாடம் கேட்டார். முதலில் வந்த சொல் ‘கோ’. கோ என்றால் போவது. கடிகாரம் ஓடினாலும் கோ, பால் திரிந்தாலும் கோ, விளக்கு அணைந்தாலும் கோ, ஒருத்தனுக்குப் பைத்தியம் பிடித்தாலும் கோ. ஒரே சொல் இவ்வளவு வேலை செய்யும்போது மற்றதை எதற்குப் படிப்பது? கோதண்டம் அத்தோடு படிப்பை மூட்டை கட்டினார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

புதிய துரை வந்த அன்று காலை, ஏரிக்கரையில் படகுகள் வலையோடு கிளம்பிக்கொண்டிருந்தன. துரை அவற்றைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார். அதில் ‘கோ’ மட்டும் கணீரென்று காதில் விழுந்தது. எங்கே போகிறார்கள் என்றுதான் துரை கேட்கிறார் என்று முடிவு கட்டினார். தெரிந்த சொல் கிடைத்த குஷியில் முதல் படகிலிருந்த வடிவேலுவைப் பார்த்துக் கோதண்டம் கரையிலிருந்தே கத்தினார்.

“வடிவேலு, எல்லாரும் எங்கப்பா போறீங்க?”

துடுப்புகள் நின்றன. வலைக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் அன்றைக்கு மீன் படாது. அந்தக் குப்பத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த கோதண்டத்துக்கும் தெரியும், வாய்தான் முந்திக்கொண்டது. எல்லாப் படகுகளும் திரும்பின.

“இன்னா துபாஷியாரே, தொரை கேட்டா தெரியாம கேட்டுட்டாருன்னு வுட்டுடலாம். நீங்க கேக்கலாமா? இன்னிக்கி எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சா மாதிரிதான்” என்றான் வடிவேலு.

அத்தனை வீட்டு அடுப்பையும் ஒரே கேள்வியில் அணைத்த கோதண்டம் வெட்கத்தில் குறுகிப்போனார். தன்னைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டார்களே என்று துரைக்குக் கோபம். அதை விளக்கக் கோதண்டத்திடம் இருந்தது ஒரே சொல்.

“நோ கோ” என்றார்.

துரை முகம் சிவந்து, ஊர்ப்பக்கம் கை நீட்டி, “கோ” என்றார்.

அது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் வெறுமனே போகிறேன் என்று எப்படிச் சொல்வது? பாடையில் போகிறவன்தான் திரும்பி வராமல் போவான். கும்பிட்டு, “ஐ கோ, ஐ கம்” என்று முறையாக விடைபெற்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கலாமா? மறுநாள் போய் நின்றார். துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வேலையும் கொடுத்தார். துபாஷி வேலைக்கு மதராஸிலிருந்து ஆள் வந்துவிட்டான். இவருக்குக் கிடைத்தது குடை பிடிக்கிற வேலை.

“இன்னா பண்ணணுமாம்?” என்று கேட்டாள் மனைவி பவுனம்மாள்.

“தொரை போற எடமெல்லாம் பின்னாலயே போவணும்” என்றார் கோதண்டம். “எங்கன்னு மட்டும் கேக்கக் கூடாது.”