கருப்பன் மலைப் பள்ளம்

தம்பிக்கு மூன்று வயதாகியும் முடி எடுக்கவில்லை. எங்கள் குலசாமி கருப்பன் இருக்கிற மலையில்தான் முதல் முடி எடுக்க வேண்டும். அப்பாவோ வெளிநாட்டு வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அதுவரை பயல் ரெட்டைச் சடையோடு திரிந்தான். எனக்கு அவன் முடியைப் பற்றி என்ன கவலை? மலை உச்சியில் வற்றாத சுனை ஒன்று இருப்பதாக அத்தை சொல்லியிருந்தாள். பாறைக்குள் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டுக் கேட்டு, வேன் காளவாசல் சிக்னலைத் தாண்டுமுன்பே அவள் உயிரை எடுத்துவிட்டேன். "இம்புட்டுக் கேள்வியையும் கருப்பன்கிட்டயே கேளு சாமி" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மலையில் கொஞ்சம் கல் வெட்டியிருக்கிறார்கள் என்று அப்பாவுக்குச் சேதி வந்திருந்தது. கொஞ்சமாம்! வேன் நின்றபோது மலையையே காணோம். அது இருந்த இடத்தில் பெரிய பள்ளம். நாலாபக்கமும் செங்குத்தான பாறை, அடியில் பச்சைத் தண்ணீர். கத்தினால் குரல் திரும்பி வந்தது. அடேயப்பா, எனக்குக் கொண்டாட்டம்! மலையை அறுத்துக்கொண்டு ஆறு ஓடுகிற இடங்களை டிவியில் காட்டுவார்களே, அதேதான் என்று நினைத்தேன். "எந்த ஆறுப்பா இம்புட்டு ஆழமா வெட்டுச்சு?" என்று கேட்டேன். 

அத்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விளிம்பில் உட்கார்ந்து, "எங்கய்யா போயிட்ட?" என்று அழுதாள். சாமியே இல்லாத இடத்தில் பிள்ளைக்கு எப்படி முடி எடுப்பது? அம்மா தம்பியின் சடையைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் அத்தைதான் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "பிடிமண் எடுப்போம். வேற எடத்துல வச்சுக் கும்பிட்டு, அங்கன முடி எடுப்போம்" என்றாள். சாமி இருந்த இடத்து மண் ஒரு பிடி கொண்டுபோனால் சாமியும் கூடவே வந்துவிடும் என்பது எங்கள் வழக்கம்.

ஆனால் மண்ணுக்கு எங்கே போக? சுற்றிச் சுற்றித் தேடியும் ஜல்லியும் கல்தூளும்தான் கிடந்தன. அத்தை அதையே அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனையூரில் எங்களுக்குப் புது வீடு எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. "இதுக்காப்பா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம வீட்டு வாசல்லயே ரெண்டு லோடு ஜல்லி கெடக்கே" என்றேன். சத்தியமாக, உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அப்பா துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். உள்ளதைத்தானே சொன்னோம், இதற்கு எதற்கு அடி என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.