ஏறிப் பார்க்காத உர அடுக்கு

கணக்கியல் படித்தால் வங்கி, வரி, தணிக்கை என்று பல கதவுகள் திறக்கும் என்றார்கள். ஈப்போவில் தணிக்கை வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், எனக்குத் திறந்தது பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் உரக் கிடங்குக் கதவு.

கையிருப்பு மூட்டைகளை எண்ண வேண்டும். அன்று அது மூன்றாவது தோட்டம். வெக்கையும் உர நெடியும் தாங்கவில்லை. அடுக்கின் நீளம், அகலம், உயரத்தைக் கீழே நின்றே எண்ணிப் பெருக்கி எழுதிவிட்டேன்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு என்னைவிட ஓரிரு வயதுதான் கூட இருக்கும். “மேல ஏறிப் பாக்கலையா தம்பி?” என்றார்.

“எங்க வேலை எங்களுக்குத் தெரியும்” என்று கையெழுத்துப் போட்டேன்.

காரைக் கிளப்பும்போது பின்னாலேயே ஓடி வந்தார். “கோவிச்சுக்காதீங்க லா. காத்து போக நடுவுல காலியா விட்டுத்தான் அடுக்குவோம். நீங்க அதிகமா எழுதிட்டுப் போனா, நாளைக்கு மூட்டை குறையுதுன்னு என்னைத்தான் திருடிம்பாங்க.”

திரும்பி வந்து ஏறினேன். நடுவில் கிணறு மாதிரி வெறுமை.

“நான் பெருக்கினேன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?”

“நானும் அக்கவுண்டிங் டிகிரிதான் தம்பி. ஆடிட்ல இருந்தப்ப நானும் ஏறினதில்ல. அலுத்துப் போய்த்தான் இங்க வந்தேன்.”

அவர் வரிசை வரிசையாக எண்ணிச் சொன்னார். நானும் எண்ணிப் பார்த்து எழுதினேன். அவரை மூட்டை தூக்குபவர் என்று நினைத்துத்தான் முதலில் அப்படிப் பேசினேன். பழைய எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

அலுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதலில் ஏணி கேட்கிறேன்.